வேட்டி வெளிச்சம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி என்றால், எங்கள் வீட்டு ஹால் லைட் ஒரு மாதமாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது, வந்து பார்க்கிறாயா என்பார்கள். மூலக்கூறு என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு சித்தப்பா மட்டும் ஒவ்வொரு கல்யாணத்திலும் விடாமல் கேட்பார், "இன்னும் அந்த லைட்டு வேலைதானா?" என்று. ஆமாம் சித்தப்பா, இன்னும் அதேதான்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சில பொருள்கள்மீது ஒரு நிறத்து வெளிச்சத்தை அடித்தால், அதை வாங்கிக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வைத்திருந்து, வேறு நிறமாகத் திருப்பித் தரும். ஏன் தருகிறது, எவ்வளவு தருகிறது, எப்போது தர மறுக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இப்போது வடசென்னையில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. எங்கள் ஆய்வகத்துக்குள் எந்தத் துணியும் வரக் கூடாது, கைக்குட்டைகூட வெளியேதான். புதிதாகச் சேர்பவர்கள் இதை என் கிறுக்குத்தனம் என்றே நினைக்கிறார்கள். கிறுக்குதான். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அப்பாவுக்கு ராயபுரத்தில் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, சோப்பு, சோப்புத்தூள், நீலம், பினாயில் என்று மொத்த வியாபாரம் செய்தார். வீடு திருவொற்றியூரில். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்கு ரொம்பப் பக்கம். வடக்கே எண்ணூரிலிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணியில் கரி படியும். கிழக்கிலிருந்து அடித்தால் உப்பு. இந்த ஊரில்தான் அப்பா வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தவிர வேறொன்றும் உடுத்த மாட்டேன் என்று இருந்தார். சோப்பு விற்கிறவன் வேட்டி அழுக்காக இருந்தால் எவன் சோப்பு வாங்குவான் என்பது அவர் கட்சி. கடையில் ஒரு மாற்று வேட்டி எப்போதும் இருக்கும். தெருவில் நடக்கும்போதே தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்பார். கரி விழுந்திருக்கிறதோ இல்லையோ, தட்டுவார்.

அந்த வெள்ளைக்குப் பாடுபட்டது அம்மா. கடையிலிருந்து வரும் தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு ஊறவைத்து, கசக்கி, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு... "எண்ணூர்ப் புகைக்கும் உங்கப்பா வேட்டிக்கும் நடுவுல கெடந்து நான் சாவுதேன்" என்பாள். ஆனால் யாராவது, "அண்ணாச்சி வேட்டியைப் பாரு, பால் மாதிரி" என்றால் முகம் மலர்ந்துவிடும். ஊர்க்காரர்கள் சொல்வது சரிதான். அந்த வேட்டி எங்கள் வீட்டின் கௌரவம்.

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த கல்லூரி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால்தான் சேர விட்டார்கள் என்றும் சொல்லலாம். ஆய்வகம் என்றால் இரண்டு அறைகள். ஓர் அறையில் கரைசல் தயாரிப்போம். இன்னொன்றின் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, வாசலில் கறுப்புத் திரை போட்டு இருட்டறை ஆக்கியிருந்தோம். அங்கேதான் கருவி. விரல் பருமனுள்ள ஒரு சதுரக் கண்ணாடிக் குப்பியில் கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைத்தால், அது தரும் வெளிச்சம் கணினித் திரையில் மேடு மேடாக வரும். அந்தக் குப்பியை நாங்கள் செல் என்போம். குவார்ட்ஸில் செய்தது, விலை அதிகம், ஒரு கீறல் விழுந்தாலும் வீண். அதைத் துடைக்கவென்று விற்கும் காகிதத்தை வாங்கிக் கட்டுப்படி ஆகாது. எனவே எங்கள் துறையில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. நன்றாக நைந்த பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொள்வோம். அதைவிட மிருதுவான பொருள் உலகத்தில் கிடையாது. அதனால் செல்லைத் துடைப்போம். அந்தத் துணியை நாலாக மடித்து, அலம்பிய செல்லை அதன்மேல் கவிழ்த்து வைத்து வடிய விடுவோம். என் வழிகாட்டிப் பேராசிரியர் படித்ததும் அப்படித்தான், அவருடைய பேராசிரியர் படித்ததும் அப்படித்தான்.

வேட்டி வேண்டும் என்று நான் வீட்டில் கேட்டபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என் படிப்பில் அவர் செய்ய முடிந்தது என்று ஒன்றுமே இல்லை. இப்போது இருந்தது. நல்ல நிலையில் இருந்த வேட்டிகளையே, "இது நைஞ்சு போச்சுட்டி" என்று எடுத்துக் கொடுப்பார். அம்மா அவற்றை மறுபடி ஒருமுறை நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்புவாள். மற்ற மாணவர்கள் கொண்டுவந்த துணி எல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். எங்கள் வீட்டுத் துணி மட்டும் பளபளக்கும். பேராசிரியரே என் அடுக்கிலிருந்து எடுப்பார்.

நான் ஆராய்ந்த மூலக்கூறு பச்சை ஒளி தருவது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் அளவீடுகளில் அந்தப் பச்சை மேட்டுக்கு இடப்புறம், நீலத்தில், இன்னொரு சின்ன மேடு வந்தது. முதலில் நம்பவில்லை. பொருளில் அழுக்கு என்று நினைத்து மறுபடி சுத்தம் செய்தேன். செல்லை ஒன்றுக்கு மூன்று முறை அலம்பிக் கவிழ்த்தேன். மேடு போகவில்லை, கொஞ்சம் பெரிதாகவே ஆனது. சுத்தமாக ஆக ஆகப் பெரிதாகிறது என்றால் அது அழுக்காக இருக்க முடியாது அல்லவா? பொருள் ஒன்றும் கரைக்காத வெறும் திரவத்தையும் அளந்தோம். அதில் நீலம் இல்லவே இல்லை. இந்த மூலக்கூறு இரண்டு உருவங்களில் இருக்கிறது, ஒன்று பச்சை தருகிறது, இதுவரை யாரும் பார்க்காத இன்னொன்று நீலம் தருகிறது என்று எழுதினோம். கட்டுரை நல்ல இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர், பட்டம் வாங்கியதும் எங்களிடம் வேலைக்கு வா என்று எழுதினார். என் ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்தச் சின்ன மேடுதான்.

அப்பாவிடம் எளிமையாகச் சொன்னேன்: "யாரும் பாக்காத ஒரு வெளிச்சத்தப் பாத்திருக்கேம்ப்பா." அவ்வளவுதான். மறுநாள் ராயபுரம் மார்க்கெட் முழுவதும் தெரிந்துவிட்டது. எம்மவ ஒரு வெளிச்சம் கண்டுபிடிச்சிருக்கா என்று சோப்புத்தூள் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தூளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் ஒரு அக்கா, கடைக்கு நெடுநாள் வாடிக்கை. என்னைத் தெருவில் பார்த்தால், "இன்னா லைட்டு பாப்பா, எங்க குப்பத்துக்கு ஒரு லைட்டு போட்டுக் குடேன், கம்பம் நட்டு வருசமாவுது" என்று கூவுவார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

பிறகு வேறொரு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். உங்கள் மூலக்கூற்றை நாங்களும் செய்து பார்த்தோம், பச்சை வருகிறது, நீலம் வரவில்லை, எங்கே தவறுகிறோம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எங்கே தவறுகிறோம் என்றால், நீ தவறிவிட்டாய் என்று அர்த்தம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் கருவி சரியில்லை, கைப்பழக்கம் போதாது என்று பேராசிரியரிடம் பொரிந்து தள்ளினேன். அவர், "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நான் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தொடங்கினேன். நீலம் வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் மதியம் இருட்டறையில் இருந்தேன். பொருளின் சுத்தத்தைப் பார்க்க புறஊதாக் கதிர் விளக்கு ஒன்று உண்டு. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஒளிரும் பொருள்மேல் பட்டால் அந்தப் பொருள்தான் தெரியும். விளக்கைப் போட்டுவிட்டு, கூட இருந்த இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார், ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் புதிதாகத் துவைத்த துணிக் கட்டு.

"ஏட்டி, இருட்டுக்குள்ள உக்காந்து என்ன செய்யுத?" என்றார்.

குரல் அப்பாவுடையது. முகமும் கையும் தெரியவில்லை. இருட்டில் ஒரு வேட்டியும் ஒரு சட்டையும் மட்டும் நீலமாக எரிந்துகொண்டு நின்றன. பெண்கள் வீறிட்டுச் சிரித்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து தன்னையே பார்த்தார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, "பாத்தியளா, இவ அம்மா தொவப்பு!" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்த துணிக் கட்டைப் பார்த்தேன். அது வேட்டியைவிடப் பிரகாசமாக இருந்தது. திரும்பி மேசையைப் பார்த்தேன். நாலாக மடித்த துணி அங்கேயும் எரிந்துகொண்டிருந்தது, அதன்மேல் என் செல்கள் கவிழ்ந்து நின்றன.

அந்த நீலத்தை எனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த நீலம் அது.

சோப்புத்தூளில் ஒரு பொருள் கலந்திருக்கிறது. அது அழுக்கை எடுப்பதில்லை. துணியில் ஒட்டிக்கொண்டு, வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் தருகிறது. பழுப்பேறிய துணியில் கொஞ்சம் நீலம் சேர்ந்தால் நம் கண்ணுக்கு அது வெள்ளை. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற சங்கதி, நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஈரமான செல்லின் வாய் துணியில் படும்போது துளியிலும் துளியாக அந்தப் பொருள் உள்ளே ஏறியிருக்கிறது. எவ்வளவு அதிகமாக அலம்பிக் கவிழ்த்தேனோ அவ்வளவு அதிகமாக ஏறியிருக்கிறது. வெறும் திரவத்துக்கு நாங்கள் தனியாக ஒரு செல் வைத்திருந்தோம். ஒருமுறை ஊற்றி மூடியதுதான், அதைத் திறந்து அலம்பியதே இல்லை, துணிமேல் கவிழ்த்ததும் இல்லை. அதனால்தான் அதில் நீலம் வரவில்லை. பழுப்புத் துணி வைத்திருந்த மற்ற மாணவர்களுக்கு இந்தக் கதி வரவில்லை. எங்கள் அம்மா நன்றாகத் துவைத்ததுதான் வினை.

அப்பா போன பிறகு அந்தத் துணியில் ஒரு நூலைப் பிடுங்கி வெறும் திரவத்தில் போட்டு அளந்தேன். பச்சை இல்லை. என் சின்ன மேடு மட்டும் தன்னந்தனியாக, அழகாக வந்தது. அப்பா கொண்டுவந்த தூக்கைத் திறக்கவே இல்லை.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அது அவருடைய கட்டுரையும்கூட. "இன்னொரு தடவை பண்ணிப் பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், என் அடுக்குத் துணியாலேயே. பிறகு அதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "நாமே எழுதி வாபஸ் வாங்கிடலாம்மா. அடுத்தவன் கண்டுபிடிச்சுச் சொன்னா இன்னும் கேவலம்" என்றார். எழுதினோம். வெளிநாட்டுப் பேராசிரியருக்கும் நானே எழுதினேன். அவர் என் நேர்மையைப் பாராட்டி இரண்டு வரியும், இப்போது இடம் எதுவும் இல்லை என்று ஒரு வரியும் அனுப்பினார். ஆய்வேட்டில் முதுகெலும்பு போய் விலா எலும்புகள் மிஞ்சின. இதை வைத்துப் பட்டம் தருவார்களா என்று பேராசிரியருக்கே சந்தேகமாக இருந்தது.

இதில் எதற்கும் நான் அழவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. உங்கள் மகள் கண்டுபிடித்த வெளிச்சம் பொய் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அது உங்கள் வேட்டி செய்த வேலை என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். நல்ல வேட்டியைக் கிழித்துக் கொடுத்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? சில நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் அம்மாதான் அடுத்த கட்டுத் துணியை நீட்டினாள். வேண்டாம்மா என்றேன். ஏன் என்றாள். அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டுவிட்டது.

"அப்பம் அந்த வெளிச்சம் நம்ம வேட்டியோடதா?" என்றார்.

"ஆமாப்பா."

"உம் படிப்புக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"தெரியலப்பா."

அப்பா எழுந்தார். கை கழுவிவிட்டுக் கடைக்குப் போனார். வாசலில் தோளைத் தட்டிக்கொள்ளவில்லை, அதை நான் கவனித்தேன்.

இரண்டொரு நாள் கழித்துக் கடைக்குப் போயிருந்தேன். மீன்கார அக்கா சோப்பு வாங்க வந்தார். "இன்னா அண்ணாச்சி, உன் பொண்ணு கண்டுபுட்ச்ச லைட்டு இன்னா ஆச்சி? எரிஞ்சிகினு கீதா?" என்றார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் கூனிக் குறுகிப்போனேன். மெஷின் ரிப்பேர், அது இது என்று அப்பா எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா சோப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அது வெளிச்சமே இல்லையாம். எம் வேட்டில உள்ள சோப்புத்தூளு போயி விழுந்துட்டாம். அவளேதான் கண்டுபுடிச்சிச் சொன்னா" என்றார். அக்கா ஒரு கணம் விழித்துவிட்டு, கூடை குலுங்கச் சிரித்தார். "அட, உன் வேட்டி வெளிச்சமா! அத்த இன்னா கண்டுபுடிக்கறது, நாங்கதான் டெய்லி கண்ணு கூசப் பாத்துகினு கீறோமே!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் குனிந்து தன் வேட்டியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

என் நீல மேட்டின்மீது எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அந்தச் சோப்புப் பொருளைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். சாக்கடை எங்கே ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க இதே நீல ஒளியை வேறு ஊர்களில் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார்கள். ஆற்றில் மீன் இருக்கும், பாசி இருக்கும், சோப்புத்தூள் தானாக முளைக்காது. அது இருந்தால் வீட்டுக் கழிவுநீர் வந்திருக்கிறது என்று பொருள். என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் எண்ணூர்க் கழிமுகத்தில் யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த நீலத்தை என்னைப் போல இத்தனை நாள் முறைத்துப் பார்த்தவர்களும் இருக்க மாட்டார்கள். பேராசிரியரிடம் கேட்டேன். "பௌதிக வேதியியலுக்கும் சாக்கடைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். பிறகு, "சரி, செய்" என்றார்.

மீன்கார அக்காவிடம் படகு கேட்டேன். "எங்க அண்ணன் படகு கீது, காலைல வா. ஆனா வாந்தி எடுத்தீனா நான் பொறுப்பு இல்ல" என்றார். எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். அக்காவும் படகில் வந்து, நான் புட்டியில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்தக் கலீஜ் தண்ணிய வூட்டுக்கு எடுத்துகினு போற மொத ஆளு நீதாம்மா" என்பார். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக நீலம் ஏறிக்கொண்டே வந்தது. இந்த முறை கண்ணாடிக் கம்பிகளின்மேல்தான் செல்களைக் கவிழ்த்தேன். வெறும் திரவத்தை ஒவ்வொரு நாளும் புதிதாக, அதே செல்லில், அதே கையால் அலம்பி அளந்தேன். போன முதுகெலும்பின் இடத்தில் ஒரு புதிய அத்தியாயம் வந்து உட்கார்ந்தது. அது தாங்குமா என்பது வாய்மொழித் தேர்வில்தான் தெரியும்.

வைவா என்று நாங்கள் சொல்லும் அந்தத் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடப்பது. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து கேள்வி கேட்பார். முடிந்தால் அங்கேயே பட்டம் என்று அறிவிப்பார்கள், இல்லையென்றால் அங்கேயே தலை குனிய வேண்டும். வீட்டு மனிதர்கள் வருவதும், வந்தவர்களுக்குப் பலகாரம் கொண்டுவருவதும் வழக்கம். எனக்குப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அப்பா அன்றைக்குப் பளீரென்று வந்து முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று ஆசை. வாபஸ் வாங்கின கதையைத் துறையில் எல்லோரும் அறிவார்கள். அறியட்டும். அந்த வேட்டியை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

பேசத் தொடங்கும்வரை அப்பாவைக் காணவில்லை. வெளியூர் நிபுணர் விடாக்கண்டர். வாபஸ் வாங்கின கட்டுரையைப் பற்றித்தான் முதல் கேள்வியே கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், துணி, செல், இருட்டறை எல்லாம். எங்கள் அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி என்றும் சொன்னேன். யாரோ மெல்லச் சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை. "அப்புறம்?" என்றார். அப்புறம் கழிமுகத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் பேராசிரியரின் காதில் ஏதோ சொல்லி, எழுந்து வந்து கை கொடுத்தார். பட்டம் என்று அறிவித்தார்கள், கைதட்டினார்கள். அப்போதுதான் பின்னால் கதவோரத்தில் அப்பாவைப் பார்த்தேன்.

பழுப்பு நிற வேட்டி கட்டியிருந்தார். சலவையே காணாத கோரா வேட்டி. சட்டையும் அதே மங்கல் நிறம். கஞ்சி இருந்தது, இஸ்திரி மடிப்பு இருந்தது, வெள்ளை மட்டும் இல்லை. மடியில் தூத்துக்குடி மக்ரூன் டப்பாவை வைத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக வெள்ளை உடுத்தாமல் வாசல்படி இறங்காத மனிதர், அந்தக் கோலத்தில் பஸ் ஏறி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் பார்க்க வந்திருக்கிறார்.

அவரோடு வந்திருந்த அம்மா என் பக்கத்தில் வந்தாள். "நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. கோராத் துணி தேடி வாங்கி, வெறுந்தண்ணியிலதான் அலசணும்னு நின்னு பாத்தாரு" என்றாள்.

பட்டம் வந்ததற்கு வராத அழுகை, அப்போது எல்லோர் முன்னாலும் வந்தது. அப்பாவின் அருகில் போய், "எதுக்குப்பா இப்படி வந்தீங்க? இங்க மெஷினே கிடையாதுப்பா. இது வெறும் ஹால்" என்றேன்.

அப்பா மக்ரூன் டப்பாவை என் கையில் கொடுத்தார். வேட்டியைத் தட்டிச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு என்னம்மா தெரியும்? மறுபடியும் என்னால ஒண்ணு ஆயிரக் கூடாதுல்லா" என்றார்.